பன்னிரண்டு மாதமும் பூத்த பூச்சாடி



புத்தாண்டு பிறந்ததும் நம் வீடு தேடி வரும் முதல் விருந்தாளி யார்? மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் காலண்டர்தான். நடுவில் முருகனோ இலட்சுமியோ புன்னகை புரிய, கீழே கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். சாமி படத்துக்காக நாம் அதைச் சுவரில் மாட்டுகிறோம். கடைப் பெயருக்காக அவர் அதைக் கொடுக்கிறார். ஆண்டு முழுவதும், உப்பு தீர்ந்தாலும் புளி தீர்ந்தாலும் நம் கண் அந்தப் பெயரின் மேல்தான் விழும்.

இந்த யோசனையை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு செடி வியாபாரி இங்கிலாந்தில் செய்து பார்த்துவிட்டார். அதுவும் இலவசமாக அல்ல. தம் கடைச் சரக்கின் படத்தைத் தாமே அச்சிட்டு, அதைக் கைநிறையக் காசு வாங்கிக்கொண்டு விற்றார். வாங்கியவர்கள் சண்டை போடவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தப் படங்களின் நகல்கள் உலகெங்கும் விற்பனையாகின்றன. உணவகத்திலோ மருத்துவமனை வரவேற்பறையிலோ, பெரிய சாடி ஒன்றில் விதவிதமான பூக்கள் நெருக்கமாகச் செருகப்பட்டிருக்கும் பழங்காலப் படம் ஒன்றை நீங்களும் பார்த்திருக்கலாம். அடுத்த முறை பார்த்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பூவின் அருகிலும் சிறிய எண் இருந்தால், அது நான் சொல்லப்போகும் படமாகவே இருக்கக்கூடும்.

அந்த வியாபாரியின் பெயர் இராபர்ட் ஃபர்பர். ஊர் கென்சிங்டன். இன்று அது இலண்டன் மாநகரின் நடுவே செல்வர்கள் வாழும் பகுதி. அன்றோ நகருக்கு வெளியே தோட்டமும் துரவுமாக இருந்த கிராமம். அங்கே அவர் நாற்றுப் பண்ணை, நம் தோட்டத்து மொழியில் சொன்னால் நர்சரி, வைத்திருந்தார். பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களுக்குப் பூச்செடி, பழமரக் கன்று, வெளிநாட்டு விதை எல்லாம் அங்கிருந்துதான் போகும்.

செடி வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு. செடி வாங்க வருகிறவர் சனவரியில் வருவார்; அவர் வாங்க வேண்டிய செடியோ சூனில்தான் பூக்கும். வெறுங்குச்சியையும் மண் ஒட்டிய கிழங்கையும் காட்டி, "இதில் வானவில் போலப் பூ வரும், நம்புங்கள்" என்றால் யார் நம்புவார்? சரக்கைக் கண்ணில் காட்டாமல் விற்க முடியாது. காட்டலாம் என்றால் பூ அதன் மாதத்துக்குக் காத்திருக்கிறது. இதற்கு ஃபர்பர் கண்ட வழிதான் 1730ஆம் ஆண்டில் வெளிவந்த 'பன்னிரண்டு மாதப் பூக்கள்' என்ற படத் தொகுதி. மாதத்துக்கு ஒரு படம். படத்துக்கு ஒரு சாடி. அந்தந்த மாதத்தில் இங்கிலாந்துத் தோட்டத்தில் என்னென்ன பூக்குமோ, அத்தனையும் அந்த மாதத்துச் சாடியில். பூவுக்குப் பூ எண். கீழே எண் வரிசைப்படி பெயர்ப்பட்டியல். பன்னிரண்டு படங்களிலும் சேர்த்து 400 வகைகளுக்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு சாடிக்கு 30க்குக் குறையாது.

இதில் என்ன அதிசயம், பூச்சாடிப் படம் அதற்கு முன்பு இல்லையா என்று கேட்பீர்கள். ஏராளமாக இருந்தது. ஒல்லாந்து நாட்டு ஓவியர்கள் அதில் மன்னர்கள். ஆனால் அவர்களுடைய சாடிகளில் ஒரு பொய் இருக்கும். வசந்தத்தில் மலரும் டூலிப் பூவும் கோடையில் மலரும் ரோசாவும் இலையுதிர் காலத்துப் பழமும் ஒன்றாக வீற்றிருக்கும். ஓவியர் ஏப்ரலில் ஒரு பூவை வரைந்துவிட்டு, சூலை வரை காத்திருந்து அடுத்த பூவை வரைவார். அப்படி ஒரு கொத்தை உலகில் எவரும் கையில் பிடித்திருக்க முடியாது. பார்க்க அழகு, நடக்காத அழகு. ஃபர்பருக்கு அந்த அழகு உதவாது. "மார்ச்சில் என் தோட்டத்தில் என்ன பூக்கும்?" என்று கேட்கும் சீமாட்டிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே மாதத்தை மாதமாகவே பிரித்தார். வியாபாரியின் தேவை ஓவியத்தில் ஓர் உண்மையைக் கொண்டுவந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

முழு உண்மை என்றும் சொல்லிவிட முடியாது. பனி கொட்டும் சனவரியில் அத்தனை பூக்களும் திறந்த வெளியில் பூத்திருக்குமா? கணப்பு மூட்டிய கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்தவையும் சாடியில் கலந்திருக்கின்றன. ஒரே நாளில் 30 வகையும் சேர்ந்து பூப்பதும் வியாபாரியின் சாடியில்தான் நடக்கும். அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

இன்னொன்று. ஃபர்பரின் சனவரி நம்முடைய சனவரி அல்ல! அக்காலத்தில் இங்கிலாந்து பழைய நாட்காட்டியை வைத்திருந்தது. அது சூரியனோடு ஒத்துப் போகாமல் 11 நாள் பின்தங்கியிருந்தது. 1752ஆம் ஆண்டில்தான் அதைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இரவு தூங்கப் போனவர்கள் மறுநாள் எழுந்தபோது தேதி செப்டம்பர் 14. ஆகவே ஃபர்பரின் மே மாதச் சாடியை இன்றைய கணக்கில் பார்க்க வேண்டுமானால் மே 12ஆம் தேதிக்குமேல் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

நமக்கு நான்கு பருவங்கள் இல்லையே, இந்த மாதக் கணக்கு நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். பால் மரம் எந்த மாதத்தில் இலை உதிர்க்கும் என்று தோட்டத்தில் பிறந்த பிள்ளையிடம் கேளுங்கள். பிப்ரவரி, மார்ச் என்று உடனே சொல்லும். ஏனென்றால் அந்த மாதங்களில் பால் குறையும். பால் குறைந்தால் அப்பாவின் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் பள்ளிக்கூடப் பை வாங்குவது தள்ளிப்போகும். கொட்டை வெடித்துச் சிதறும் மாதம், டுரியான் விழும் மாதம், ரம்புத்தான் சிவக்கும் மாதம் என்று நம் வயிற்றோடும் சட்டைப் பையோடும் சேர்ந்த பருவங்கள் நமக்கும் உண்டு. அவற்றை யாரும் படமாக வரைந்து சுவரில் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

படம் எப்படி உருவானது என்று பார்ப்போம். இதில்தான் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் ஓவியர். பீட்டர் காஸ்டீல்ஸ் என்பவர். 1684இல் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தவர். 1708இல் பிழைப்புத் தேடி இங்கிலாந்துக்கு வந்தவர். பறவைகளும் பூக்களும் வரைவதில் கைதேர்ந்தவர். அவர் எண்ணெய் வண்ணத்தில் பன்னிரண்டு ஓவியங்களைத் தீட்டினார். ஆனால் ஓவியம் ஒன்றுதான் இருக்கும், வாங்குவோர் நூற்றுக்கணக்கில். எனவே அடுத்த ஆள், செதுக்குபவர் ஹென்றி பிளெட்சர் வருகிறார். வழவழப்பான செப்புத் தகட்டை எதிரில் வைத்துக்கொண்டு, கூர்மையான சிற்றுளியால் ஓவியத்தைக் கோடு கோடாக அதில் கீற வேண்டும். நிழல் வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் விலக்க வேண்டும். அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும் என்பதால் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாகக் கீற வேண்டும். ஆழம் தவறினால் போயிற்று. காலையில் இருட்டோடு எழுந்து, பட்டையை ஆழமாகவும் வெட்டாமல் மேலாகவும் வெட்டாமல், மரத்தைக் காயப்படுத்தாமல் கோடு இழுத்த கைகளுக்கு இந்த வேலையின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

கீறிய தகட்டில் மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். கீறல்களுக்குள் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், தாள் அந்த மையை உறிஞ்சிக்கொண்டு வரும். இப்படி ஒவ்வொரு தாளுக்கும் மை தடவித் துடைத்து அழுத்த வேண்டும். வருவது கறுப்பு வெள்ளைப் படம்தான்.

பிறகு வண்ணம். ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே நீர் வண்ணம் தீட்டினார்கள். ஒரு செட்டுக்கு 12 படங்கள், 400 பூக்கள், ஒவ்வொரு பூவுக்கும் இதழ், காம்பு, இலை. அடுத்த செட்டுக்கு மறுபடியும் அதே 400 பூக்கள். இன்று பழைய பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் ரோசா நிறம், இன்னொன்றில் கொஞ்சம் கருஞ்சிவப்பு என்று வேறுபாடு தெரியும். கைவேலை அல்லவா?

இப்போது விலையைக் கவனியுங்கள். வண்ணம் தீட்டாத செட்டு 1 பவுன் 5 சிலிங். வண்ணம் தீட்டியது 2 பவுன் 12 சிலிங் 6 பென்ஸ். ஒரு பவுனுக்கு 20 சிலிங், ஒரு சிலிங்குக்கு 12 பென்ஸ். கழித்துப் பார்த்தால், வண்ணத்துக்காக மட்டும் 27½ சிலிங். அதாவது ஓவியர், செதுக்குபவர், தாள், மை, அச்சு இவ்வளவும் சேர்ந்த 25 சிலிங்கைவிட வண்ணத்துக்கு வாங்கிய காசு அதிகம்! அன்றைய இலண்டனில் கட்டட வேலை செய்த ஒரு கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 சிலிங் கிடைத்தது. வண்ணச் செட்டு ஒன்றை வாங்க அவர் ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு மாதம் முழுவதும் உழைத்து, ஒரு வாய் சோறும் உண்ணாமல் சேர்த்து வைக்க வேண்டும். வாங்கியவர்கள் பிரபுக்களும் சீமாட்டிகளும் பெருந்தோட்டக்காரர்களும். முன்கூட்டியே சந்தா கட்டியவர்கள் 400 பேருக்கு மேல். அவர்களுடைய பெயர்களையெல்லாம் பூமாலை சூழ்ந்த தனித் தாள் ஒன்றில் அழகாக அச்சிட்டுக் கொடுத்தார் ஃபர்பர். கல்யாண மண்டபத்திலும் கோயிலிலும் நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்கிறோமே, அதே சூட்சுமம்தான்.

படத்தின் அடியிலும் பெயர்கள் உண்டு. வரைந்தவர் காஸ்டீல்ஸ். செதுக்கியவர் பிளெட்சர். பூக்கள் கென்சிங்டன் தோட்டக்காரர் ஃபர்பரின் சேகரிப்பிலிருந்து வந்தவை. வண்ணம் தீட்டியவர் பெயர் எங்கே? இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர், எருப் போட்டவர் பெயரும் இல்லை. அக்காலத்தில் அச்சுப் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலை பெரும்பாலும் பெண்களிடமும் பிள்ளைகளிடமுமே இருந்தது. ஒருவர் சிவப்பை மட்டும் தீட்டித் தாளைத் தள்ளுவார். அடுத்தவர் பச்சையை மட்டும் தீட்டுவார். 1787இல் வில்லியம் கர்ட்டிஸ் என்பவர் தொடங்கிய தாவர இதழ் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இவ்வாறு வண்ணம் தீட்டிக் கொடுத்தார்கள். அந்த இதழில் கையால் வண்ணம் தீட்டும் வழக்கம் 1948ஆம் ஆண்டு வரை நீடித்தது என்றால் நம்புவீர்களா? 160 ஆண்டுகள்!

மூன்று வேலையையும் ஒரே பெண் தனியாகச் செய்ததும் உண்டு. எலிசபெத் பிளாக்வெல் அவர் பெயர். கணவர் கடன்பட்டுச் சிறைக்குப் போனார். அந்நாட்டுச் சட்டப்படி கடனைக் கட்டும்வரை வெளியே வர முடியாது. இந்த அம்மையாருக்குப் படம் வரையத் தெரியும். மருத்துவர்களுக்கு மூலிகைப் படங்கள் தேவைப்படுகின்றன என்று கேள்விப்பட்டு, இலண்டனில் செல்சி மூலிகைத் தோட்டத்துக்கு அருகில் குடியேறினார். செடிகளைப் பார்த்து வரைந்தார். தாமே செப்பில் கீறினார். தாமே வண்ணம் தீட்டினார். வாரத்துக்கு 4 படங்கள் வீதம் 125 வாரங்கள், 1737 முதல் 1739 வரை, 500 படங்கள். அந்த வருமானத்தில் கணவரை மீட்டார். மீண்டு வந்த மனிதர் என்ன செய்தார் என்கிறீர்களா? சுவீடன் நாட்டுக்குப் போய், அரசியல் சதியில் சிக்கி 1747இல் மரண தண்டனை பெற்றார். மனைவி வரைந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. வேறென்ன சொல்ல?

என் வகுப்பில் ஓவியப் பாடம் நடக்கும்போது, "படம் வரைந்து என்ன ஆகப்போகிறது, கணக்குச் சொல்லிக் கொடுங்கள் சார்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனாலும் ஒன்று கேட்பேன். ஒரு செம்பருத்தியை உண்மையாக வரைய வேண்டுமானால் இதழ் ஐந்தா ஆறா என்று எண்ண வேண்டும். இலையின் ஓரம் எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது கணக்கு இல்லையா? அறிவியல் இல்லையா?

ஃபர்பர் அதோடு நிற்கவில்லை. 1732இல் பழங்களுக்கும் 12 படங்கள் வெளியிட்டார். இதிலும் காஸ்டீல்ஸ்தான் ஓவியர். 300க்கும் மேற்பட்ட பழ வகைகள். கோடையில் ஸ்ட்ராபெரி, செர்ரி; பிறகு பீச்சு, பிளம்; அதன் பின் திராட்சை. ஆப்பிளும் பேரிக்காயும் மட்டும் எத்தனையோ வகை. ஆனால் என்னை நிறுத்தி வைத்தவை குளிர்கால மாதங்களின் படங்கள். மரங்கள் மொட்டையாக நிற்கும் சனவரியில் ஏது பழம்? இலையுதிர் காலத்தில் பறித்துக் குளிர்ந்த அறையில் அடுக்கிப் பத்திரப்படுத்திய ஆப்பிளும் பேரிக்காயும்தான். சில பேரிக்காய்கள் பறித்தவுடன் கல்லைப் போல இருக்கும். இரண்டு மூன்று மாதம் அறையில் கிடந்தால்தான் வாயில் வைக்க முடியும். எந்த வகை எத்தனை மாதம் தாங்கும் என்பது தோட்டக்காரரின் அனுபவம். ஆக, அந்தப் படம் பழத்தை மட்டும் காட்டவில்லை. சேமித்து வைத்த ஒருவரின் சிக்கனத்தையும் காட்டுகிறது. நம் பாட்டிமார் உப்பு நார்த்தங்காயையும் மாவடுவையும் சாடியில் போட்டுவைத்தது நினைவுக்கு வருகிறதா?

அதே 1732இல் பூப்படங்களைச் சிறிய அளவில், விளக்கங்களோடு ஒரு புத்தகமாகவும் வெளியிட்டார்கள். யாருக்கெல்லாம் இது பயன்படும் என்று அதிலேயே சொல்லியிருந்தார்கள். தோட்டப் பிரியர்களுக்கு மட்டுமல்ல. ஓவியருக்கும் மரம் செதுக்குவோருக்கும் மாதிரியாகும். பெண்கள் துணியில் பூவேலை செய்யவும் இதைப் பார்த்துத் தைக்கலாம். பத்திரிகையில் வரும் கோலப் பக்கத்தைக் கத்தரித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் தாய்மார்களே, நீங்கள் தனி ஆளில்லை.

துணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஓவியர் காஸ்டீல்ஸ் 1735இல் தூரிகைப் படங்களை விட்டுவிட்டு, பருத்தித் துணியில் பூ அச்சடிக்கும் ஆலைக்கு மாதிரி வரைபவராகப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பூப்போட்ட துணியின் மூலம் எது? நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மற்ற இந்தியத் துறைமுகங்களிலிருந்தும் கப்பலேறிய சீட்டித் துணிதான். அதன் நிறம் வெளுக்காத அழகில் இங்கிலாந்துப் பெண்கள் மயங்கிப் போக, உள்ளூர்க் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கொதித்தெழுந்தார்கள். அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடை செய்து 1721இல் சட்டம் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் துணிக்குத் தடை இல்லை. ஆகவே ஆலைகள் அச்சடித்துக்கொண்டே இருந்தன.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாடியில் இருக்கும் பூ வகைகள் பலவற்றுக்குப் பிரபுக்களின் பட்டப் பெயர்கள். ஒரு பிரபுவின் பெயரைப் பூவுக்கு வைத்தால், அந்தப் பிரபு நாலு செடியாவது வாங்கமாட்டாரா? நம்மை வளர்த்த மரங்களுக்கோ ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று எண்தான் கிடைத்தது. அந்த எண் சோறு போட்டது. அது வேறு விசயம்.

அந்நாட்டுப் பழப் படங்களில் நமக்கு மிக நெருக்கமானது அன்னாசி. ஜொகூரில் ஏக்கர் கணக்கில் விளைவது. ஒரு காலத்தில் இளம் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே ஊடுபயிராகவும் நட்டது. இங்கே வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடுகிறோம். அங்கே ஓர் அன்னாசிக்கு ஓவியர் ஒருவர் தனியாக உருவப்படமே தீட்டினார்! ரிச்மண்டில் சர் மத்தேயு டெக்கர் என்று ஒரு பெருவணிகர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவர். அவருடைய தோட்டத்தில் விளைந்த அன்னாசியை 1720இல் தியோடரஸ் நெட்ஷர் வரைந்தார். அரசரின் விருந்துக்கே தகுதியானது என்ற பெருமிதம் அந்த ஓவியத்தில் இலத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. இன்று அது கேம்பிரிட்ஜ் நகரில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர் நாட்டில் அன்னாசி எப்படி விளைந்தது? தோல் பதனிடும் பட்டறைகளில் கழித்துப்போட்ட ஓக் மரப்பட்டைத் தூளைக் குழியில் கொட்டினால், அது புளித்துப் பல மாதங்களுக்கு ஒரே சீராகச் சூடு தரும். அந்தச் சூட்டில் தொட்டியைப் புதைத்து, மேலே கண்ணாடி போட்டு மூடி, இரண்டு மூன்று ஆண்டுகள் குழந்தையைப் போலக் காக்க வேண்டும். காத்தவர் ஹென்றி டெலண்டு என்னும் தோட்டக்காரர். இவர் பெயர் எப்படியோ தப்பித்து வரலாற்றில் நின்றுவிட்டது. மகிழ்ச்சி.

இதுவரை சொன்னவை செல்வர்களின் ஆசைகள். இனிச் சொல்வது வேறு.

1775இல் ஜான் எல்லிஸ் என்பவர் இலண்டனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் இரண்டு பழங்களின் படங்கள். ஒன்று நம் மங்குஸ்தீன். மற்றொன்று நம் ஊரில் சுக்குன் என்கிறோமே, கறியாகச் சமைக்கவும் சீவிப் பொரிக்கவும் ஆகும் அந்தக் காய். கிழக்கத்திய நாடுகளின் பழங்களில் முன்னது மிகச் சுவையானவற்றுள் ஒன்று, பின்னது எல்லாவற்றிலும் பயனுள்ளது என்று தலைப்பிலேயே எழுதினார். செடிகளைக் கப்பலில் உயிரோடு கொண்டுவரும் வழிகளையும் சேர்த்திருந்தார். யாருக்குப் பயனுள்ளது? எல்லிஸ் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொமினிக்காவின் முகவராக இருந்தவர். அத்தீவுகளில் ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவந்த அடிமைகள் அங்கே வேலை செய்தார்கள். கரும்பு விளைகிற நிலத்தில் உணவு விளைவிக்க முதலாளிகளுக்கு மனம் வரவில்லை. ஒரு முறை நட்டால் ஆண்டுக்கணக்கில் காய்க்கும் மரம் ஒன்று இருந்தால் அடிமைகளின் சாப்பாட்டுச் செலவு மிச்சம்! அழகான அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. சுக்குன் கன்றுகளைக் கொண்டுவர 1787இல் கேப்டன் பிளை 'பவுண்டி' என்ற கப்பலில் தாகித்தித் தீவுக்குப் புறப்பட்டார். திரும்பும் வழியில் 1789 ஏப்ரலில் மாலுமிகள் கலகம் செய்து அவரைப் படகில் இறக்கிவிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளைக் கடலில் வீசினார்கள். அவர் விடவில்லை. மறுபடியும் போய், 1793இல் செயிண்ட் வின்சென்ட், ஜமைக்கா தீவுகளில் கன்றுகளைச் சேர்த்தார். மரங்கள் செழித்தன. ஆனால் யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அவர்கள் தொடக்கத்தில் அதை விரும்பவில்லை. தங்கள் வாழைக்காயே போதும் என்று ஒதுக்கினார்கள். அவர்களைக் கேட்டா கொண்டுவந்தார்கள்?

1830களில் அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகு அந்தத் தோட்டங்கள் பலவற்றுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். கல்கத்தாவிலிருந்து போனவர்கள் மிகுதி. சென்னையிலிருந்தும் நம்மவர்கள் போனார்கள். கயானாவிலும் டிரினிடாட்டிலும் அவர்களுடைய சந்ததியினர் இன்றும் இருக்கிறார்கள். சுக்குன் மரங்களும் இருக்கின்றன. இப்போது அத்தீவுகளில் அது எல்லாரும் விரும்பி உண்ணும் உணவு. நெருப்பில் முழுதாகச் சுட்டு, கருகிய தோலைச் சீவி உண்கிறார்கள்.

எல்லிஸ் நூலில் காட்டிய மற்றப் பழம் என்னவாயிற்று? மங்குஸ்தீன் எளிதில் பிடிகொடுக்கவில்லை. கொட்டை காய்ந்தால் முளைக்காது, கன்று மெதுவாக வளரும், குளிரைத் தாங்காது. படம் அச்சாகி 80 ஆண்டுகள் கழித்து, 1855இல்தான் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கண்ணாடி வீட்டில் அது முதன்முதலாகக் காய்த்தது. நம் பிள்ளைகளோ பள்ளிச் சீருடையில் மங்குஸ்தீன் கறையோடு வந்து, என்ன துவைத்தாலும் போகவில்லை என்று உங்களிடம் ஏச்சு வாங்குகிறார்கள்.